மஞ்சள் வெளிச்சத்தில் நின்றவர்

யாய்ராவின் பெட்டி வாசலுக்கு வெளியே கிடந்தது. பச்சைத் தகரப் பெட்டி. அதன்மேல் ஒரு குழந்தைச் செருப்பு, ஒற்றையாக.

செலாசி மோட்டார் சைக்கிளை மாமரத்தடியில் நிறுத்திவிட்டு அந்தச் செருப்பையே பார்த்தான். ஹோ நகரத்தின்மேல், வடக்கேயிருந்து வீசும் ஹார்மட்டன் காற்றின் தூசி இறங்கி மூன்று வாரமாகிறது. மலை இருந்த இடத்தில் வெறும் சாம்பல் திரை. சூரியன் பாலில் விழுந்த மஞ்சள் கருவைப் போல மிதந்துகொண்டிருந்தது. இந்த மாதிரிப் பருவத்தில் செத்தவர்கள் நடமாடுகிறார்கள் என்று யாராவது சொன்னால் செலாசி மறுத்துப் பேசமாட்டான்.

"குடும்பக் கூட்டம் நாலு மணிக்குத்தானே அக்கா? பெட்டி முந்திக்கிச்சு."

"பெட்டிக்கு அவசரம். நமக்கு நிதானம் வேணும்" என்றாள் எசினாம்.

எசினாம் குள்ளமான, ஐம்பது வயதுப் பெண். பாதி ஆயுளை அரசாங்க மருந்து ஆய்வாளராகக் கழித்தவள். போலி மாத்திரை விற்றவர்களைச் சந்துசந்தாகத் துரத்திப் பிடித்தவள், வேலையை விட்டபிறகு தையல்கடை மாடியில் ஓர் அறை எடுத்துத் துப்பறிய ஆரம்பித்தாள். அவளுக்கு வண்டியோட்டி, தூதன், வாய் எல்லாம் செலாசிதான்.

நேற்று சாயங்காலம் தமாலேயிலிருந்து லாரி ஓட்டுநர் எலிகெம் போனில் கூப்பிட்டிருந்தான். வண்டி அச்சு முறிந்து நடுவழியில் நிற்கிறான். "அம்மாவுக்குத் தினமும் செத்துப்போன அப்பா தெரியிறாராம். சோறு இறங்கலை. என் பொண்டாட்டி விஷம் வச்சிட்டான்னு பெரியப்பா சொல்றார். அவளைத் துரத்திட்டுக் குழந்தையை வச்சுக்கப் போறாங்க. அம்மாவையும் காப்பாத்துங்க அக்கா, யாய்ராவையும் காப்பாத்துங்க. ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னு மட்டும் சொல்லிடாதீங்க."

வாசலில் அந்தப் பெரியப்பா நின்றிருந்தார். காட்ஃப்ரீட் அஜ்ராகு. தேவாலய மூப்பர், எலிகெமின் இறந்துபோன அப்பா செத்தின் அண்ணன். வெள்ளைத் துணியைத் தோளில் போட்டிருந்த விதத்திலேயே தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது.

"துப்பறியிறதுக்கு இங்க என்ன இருக்கு? ஏரிக்கரைப் பொண்ணு. அந்தக் கரையில என்னென்ன கத்துக்கொடுக்கிறாங்கன்னு ஊருக்கே தெரியும். என் தம்பி பொண்டாட்டி எனியோனாமுக்கு மாத்திரை கொடுக்கிறது அவ கைதான். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிட்டு ஒரு பாட்டிலோட வந்தா. அதுக்கப்புறம்தான் என் தம்பி எழுந்து வந்தான்."

"அந்தப் பாட்டிலைப் பார்க்கலாமா, பெரியவரே?"

அவரே அதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். எசினாம் மூடியைத் திறந்து முகர்ந்தாள். செலாசியிடம் நீட்டினாள். அவன் ஓரடி பின்வாங்கினான்.

"மீன் எண்ணெய். இதைக் குடிச்சு யாரும் சாகமாட்டாங்க. பக்கத்துல உட்கார்ந்தவன் வேணா சாவான்."

பெரியவர் சிரிக்கவில்லை. "இதுக்கு என்ன சொல்றீங்க? தினமும் பொழுது சாயும்போது செத் சாப்பிட்ட எனாமல் தட்டை எடுத்து, அதுல சோளக்களியும் வெண்டைக்காய்க் குழம்பும் வச்சு, அலமாரி பக்கத்துல வைக்கிறா. செத்தவனுக்குச் சோறு. அழைக்காம எவன் வருவான்?"

சமையற்கட்டு வாசலில் யாய்ரா நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை, அதன் ஒரு காலில் மட்டும் செருப்பு. கண் வீங்கியிருந்தது.

* * *

எனியோனாம் ஊருக்கே ரொட்டிக்காரம்மா. பின்கட்டில் இரண்டு மண் அடுப்புகள், நான்கு ஆட்கள். முப்பது வருஷமாக இந்தத் தெரு அவளுடைய ரொட்டி வாசத்தில்தான் கண் விழிக்கிறது. இப்போது அவள் கட்டிலில் மெலிந்து கிடந்தாள். ஆனால் முகத்தில் நோயாளியின் சலிப்பு இல்லை. விருந்தாளிக்குக் காத்திருப்பவளின் முகம்.

"விளக்கை அணைக்காதே" என்றாள் எசினாமிடம். "அதைச் சுத்தி மாலை போட்டிருக்கு பாரு. எவ்வளவு அழகு."

செலாசி பார்த்தான். மொட்டை பல்பு. சுற்றிலும் ஒன்றுமில்லை.

"அவர் எப்ப வருவார்மா?" என்று எசினாம் கேட்டாள், அடுத்த வீட்டுக்காரர் எப்போது வருவார் என்று கேட்பதுபோல.

"பொழுது சாயிறப்ப. அந்த அலமாரி பக்கத்துல நிப்பார். பேண்டு யூனிஃபார்ம், கையில ட்ரம்பெட். ஊதமாட்டார். என்னைப் பார்த்துக்கிட்டே இருப்பார்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "வெள்ளை யூனிஃபார்ம்தானே தேவாலயத்துல கொடுத்தது? இப்ப மஞ்சளா இருக்கு. அங்க சோப்பு கிடைக்கலை போல."

எசினாம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எனியோனாமின் மணிக்கட்டைப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுபோனதைச் செலாசி கவனித்தான். பையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கெட்ட சேதி என்றால் அவளுக்கு மிட்டாய் வேண்டும்.

வெளியே வந்ததும், மாவு பிசைகிற ஆளைக் கூப்பிட்டாள். "அம்மா கடைசியா உங்களைத் திட்டினது எதுக்கு?"

அவன் தலையைச் சொறிந்தான். "படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாரமா ஒரே திட்டு. மாவுல ஏன்டா மஞ்சள் கலந்தேன்னு. நான் முட்டைகூடப் போடலை. தட்டைத் தூக்கிக் காட்டினேன். இன்னும் மஞ்சளா இருக்குன்னாங்க."

"பல்லுல கொஞ்சம் மஞ்சள் இருக்கே, அதைச் சொல்லியிருப்பாங்க" என்றான் செலாசி.

"வாயை மூடிக்கிட்டு மாத்திரை டப்பாவை வாங்கிட்டு வா."

யாய்ரா டப்பாவைக் கொண்டுவந்தாள். இதயத்துக்கான மாத்திரை. தாறுமாறாகத் துடிக்கும் நெஞ்சை அடக்கி நிதானமாக நடக்கவைப்பது. எசினாம் அதைப் புரட்டினாள், உடைத்தாள், நாக்கில் வைத்தாள். போலி இல்லை. மிச்சமிருந்த எண்ணிக்கையும் சரியாக இருந்தது. டாக்டர் சொன்னதற்குமேல் ஒன்றுகூடக் குறையவில்லை.

"இந்த மாத்திரை உடம்புல அளவுக்கு மேல ஏறிட்டா வெள்ளை மஞ்சளாகும். விளக்குக்கு மாலை முளைக்கும். பசி போகும். வயசானவங்களுக்கு இல்லாத ஆள் தெரியும். கடைசியில நெஞ்சு ஒரு நாள் துடிக்க மறந்துடும்" என்றாள் எசினாம் மெதுவாக. "அவங்க நாடி இருக்கே செலாசி, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல உன் வண்டியையே ஓட்டிட்டுப் போயிடலாம்."

ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்தே போன் செய்தாள். மாத்திரையை உடனே நிறுத்துங்கள், அழைத்துவாருங்கள் என்றார் டாக்டர். ஆனால் எனியோனாம் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தூக்கிட்டுப் போனாலும் இறங்கி நடந்து வந்துடுவேன். அவர் ஈஸ்டர் ஊர்வலத்துல ஊதிக்கிட்டே ரோட்டுல விழுந்து போனவர். ஆஸ்பத்திரிப் படி ஏறினதே இல்லை. அங்க அவருக்கு வழி தெரியாது."

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரைக்க ஆரம்பித்தாள். எசினாம் கையை எடுத்துக்கொண்டாள். இழுத்துப்போனால் வழியிலேயே முடிந்துவிடும்.

வாசலருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த காட்ஃப்ரீட் முன்னால் வந்தார். "ஆக, மாத்திரை அதிகமாச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. கொடுத்தது யாரு?"

"டப்பாவுல எண்ணிக்கை சரியா இருக்கு, பெரியவரே."

"ஊர்ல வேற மருந்துக்கடையே இல்லையா? இன்னொரு டப்பா வாங்க முடியாதா?"

எசினாம் தலையசைத்தாள். "நியாயமான கேள்வி" என்றாள். அதுதான் அவளிடம் செலாசிக்குப் பிடித்ததும் பிடிக்காததும். எதிராளி நியாயமாகப் பேசினால் ஒத்துக்கொண்டுவிடுவாள்.

யாய்ரா சுவரோடு சாய்ந்தாள். விஷம் இன்னதென்று தெரிந்ததில் அவள் கதை இன்னும் மோசமாகிவிட்டது.

* * *

எசினாம் மறுபடியும் உள்ளே போனாள். "உங்களோட ஒரு ஜெபம் பண்ணலாமாம்மா?"

துப்பு துலக்கும் தந்திரம் என்று செலாசி நினைத்தான். அவளோ நிஜமாகவே கண்ணை மூடி, அந்தப் பெண்ணின் கையைத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டு நெடுநேரம் ஜெபித்தாள். யாய்ராவுக்காகவும் ஜெபித்தாள், பெயர் சொல்லாமல். பிறகு, "ஒரு பாட்டு வாசிக்கட்டுமா?" என்று கேட்டு, கட்டில் கம்பியில் தொங்கிய பாடகர் குழுப் பையிலிருந்து பாட்டுப்புத்தகத்தை எடுத்தாள்.

கறுப்பு அட்டையில் வெள்ளையாக ஒரு கட்டைவிரல் தடம்.

"ரொட்டிக்காரம்மா புஸ்தகத்துல மாவு இருக்காதா?" என்று செலாசி முணுமுணுத்தான்.

எசினாம் அட்டையை முகத்தருகே கொண்டுபோனாள். பையைக் கைவிட்டுத் துழாவி, தையல் மூலையிலிருந்து ஒரு சின்ன வெள்ளைத் துணுக்கை எடுத்து அவன் மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

புகை வாசம். அதற்கடியில் இன்னொரு வாசம். காய்ந்த தரையில் முதல் மழைத்துளி விழுந்தால் எழுவது.

"மாவு மழை வாசம் அடிக்குமா, செலாசி?"

அவனுக்குத் தெரியும். அவன் அக்கா மூன்று பிள்ளைகளைச் சுமந்தபோதும் தலையணைக்கடியில் இதை வைத்திருந்தாள். வெள்ளைக்களிமண். உருண்டை பிடித்து, காயவைத்து, புகையில் வாட்டி, முட்டைபோலக் குவித்துச் சந்தையில் விற்பது. மாசமாக இருக்கும் பெண்கள் கடித்துத் தின்பது.

"அம்மாவுக்கு இந்த வயசுல அந்த விசேஷமா? நம்பறதுக்கில்லையே அக்கா."

"ஆசைக்கு வயசு கிடையாது. மறைச்சு வைக்கத்தான் வயசு வேணும். நாளெல்லாம் கையில மாவோட நிக்கிற பொம்பளைக்கு இன்னும் கொஞ்சம் வெள்ளை ஒட்டியிருந்தா யார் பார்ப்பா?" அவள் துணுக்கைக் கைக்குட்டையில் முடிந்தாள். "வண்டியை எடு."

* * *

களிமண் விற்பவர்கள் சந்தையின் கடைசி வரிசையில், கருவாட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். தூசியும் களிமண்ணும் சேர்ந்து அங்கே மனிதர்களே பாதி கரைந்தவர்களாகத் தெரிந்தார்கள். மூன்று கடைகளில் கேட்டார்கள். யாருக்கும் எனியோனாமைத் தெரியவில்லை. நாலாவது கடையில் இருந்த அஃபி, கேள்வி முடிவதற்குள்ளேயே தலையாட்டினாள்.

"எனக்கு அப்படி யாரையும் தெரியாது."

"பேரையே இன்னும் முழுசாச் சொல்லலையேம்மா" என்றான் செலாசி.

"முழுசாச் சொன்னாலும் தெரியாது."

செலாசி குந்தி உட்கார்ந்தான். "சரி, எனக்கு ரெண்டு உருண்டை கொடு. எங்க அக்காவுக்கு."

அவள் இரண்டைப் பொறுக்கி ஒரு காகிதத்தில் சுற்றினாள். அவன் வாங்கி, சுற்றியிருந்த காகிதத்தை விரித்துப் பிடித்தான். நீல எழுத்தில் எனியோனாமின் ரொட்டியடுப்பு முத்திரை. "உருண்டை உன்னுது. காகிதம் ரொட்டிக்காரம்மாவோடது. ரெண்டும் எங்க சந்திச்சுக்கிச்சு?"

அஃபி அவனைப் பார்த்தாள். எசினாமைப் பார்த்தாள். "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு கைல அடிச்சுக் கொடுத்திருக்கேன்."

எசினாம் அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். "நீ சொல்லவேண்டாம். நான் சொல்றேன். தப்பா இருந்தா மட்டும் தலையை ஆட்டு. மாத்திரை கசக்கும். முழுங்கின கையோட ஒரு கடி கடிச்சா வாய் நல்லாயிடும். அதுக்காகவும் வாங்கினாங்க. ரொட்டி கொடுத்து வாங்கினாங்க. இப்ப நிறுத்திட்டாங்க."

அஃபியின் தலை ஆடவே இல்லை. கண் மட்டும் கலங்கியது. "புது வருஷத்துலேர்ந்து வரலை. என்ன ஆச்சோன்னு விசாரிக்கப் பயந்தேன். விசாரிச்சா விஷயம் வெளிய வந்துடுமே." மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கூடையை இழுத்தாள். கல் இல்லாத, வழவழப்பான உருண்டைகள். "அவங்க பங்கு. எடுத்து எடுத்து வச்சிருக்கேன். நல்லா இருக்காங்களா?"

"நல்லா ஆகப்போறாங்க" என்றாள் எசினாம்.

திரும்பும் வழியில் பேருந்து நிலையத்து நெரிசலில் மாட்டிக்கொண்டார்கள். ட்ரோட்ரோ மினிபஸ்களுக்கு ஆள் பிடிக்கும் கூவிகள் ஆளாளுக்கு ஒரு பயணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குப் புரியலை" என்றான் செலாசி தோளுக்கு மேலே. "மண்ணு தின்னா உடம்பு கெடும். நிறுத்தினா நல்லதுதானே?"

"அந்தக் கூவியைப் பாரு. ஊருக்குள்ள வர்ற ஆளை வாசல்லயே மடக்கித் தன் வண்டியில ஏத்தி, பின்வழியா வெளிய கொண்டுபோறான். களிமண்ணும் வயித்துல அதைத்தான் பண்ணும். மாத்திரை ரத்தத்துக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே பிடிச்சு ஒட்டிக்கிட்டு வெளிய போயிடும். டாக்டர் பார்த்தார். நெஞ்சு அடங்கலை. உள்ள ஆள் பத்தலைன்னு இன்னொரு மாத்திரை சேர்த்தார். அவர் மேல தப்பில்லை. வாசல்ல ஒரு திருட்டுக் கூவி நிக்கிறான்னு அவருக்கு யார் சொன்னா?"

"கூவி லீவு போட்டுட்டான். எல்லாரும் ஊருக்குள்ள."

"எல்லாரும் உள்ள. வெளிய போற வழியோ குறுகல். இந்த மருந்து சிறுநீர் வழியாத்தான் போகணும், அதுவும் சோம்பேறி மருந்து. உள்ள இருக்கிறதுல பாதி வெளியேறவே ஒண்ணரை நாள், ரெண்டு நாள் ஆகும். அதுக்குள்ள அடுத்த மாத்திரை வந்துடும். அதனாலதான் ஒரே ராத்திரியில வரலை செலாசி. முதல்ல மாவு மஞ்சளாச்சு, அப்புறம் விளக்குக்கு மாலை, அப்புறம்தான் செத். படிப்படியா ஏறிருக்கு. விஷம் வைக்கிறவங்களுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது."

"ஆனா ஏன் நிறுத்தினாங்க? ஒளிச்சு ஒளிச்சுத் தின்ன ஆசையாச்சே."

எசினாம் மிட்டாயை மெல்லும் சத்தம் நின்றுவிட்டது. "புது வருஷத்துக்கு முந்தின ராத்திரி நீ எங்க இருந்தே?"

"எல்லாரும்போல தேவாலயத்துலதான். போதகர் சொன்னாரே, நாப்பது நாள் உபவாசம், பகல்ல தண்ணிகூடக் குடிக்காதீங்க, நாக்குக்குப் பிரியமான ஒண்ணை யாருக்கும் தெரியாம ஆண்டவருக்குக் கொடுத்துடுங்கன்னு. வெளியில சொன்னா நேர்ச்சை பாழ்." அவன் சட்டென்று பிரேக் போட்டான். பின்னால் வந்த ஒரு தள்ளுவண்டிக்காரர் அவன் பரம்பரையை விசாரித்தார்.

"தண்ணியும் இல்லை" என்றாள் எசினாம். "வர்ற வாசலை அகலத் திறந்து, போற வாசலைப் பூட்டி வச்சிருக்காங்க. ஆண்டவர் பேர்ல."

* * *

நாலு மணிக்கு மாமரத்தடியில் நாற்காலிகள் போட்டாயிற்று. குடும்பம் உட்கார்ந்திருந்தது. யாய்ரா தனியாக, தரையைப் பார்த்தபடி ஒரு முக்காலியில். குழந்தை இப்போது அவள் மடியில் இல்லை. வேறொருத்தியின் மடியில் அழுதுகொண்டிருந்தது.

உள்ளே எசினாம் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். சுற்றிவளைக்கவில்லை. அஃபியின் கூடையைப் படுக்கையில் வைத்தாள்.

எனியோனாம் அதைப் பார்த்தாள். பிறகு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஆண்டவர்கிட்டச் சொன்னதை மனுஷங்ககிட்டச் சொல்லமாட்டேன்."

"நான் கேக்கலைம்மா. நான் சொல்றதை மட்டும் கேளுங்க." களிமண்ணும் மாத்திரையும் தண்ணீரும் அவள் உடம்பில் செய்ததை எளிய வார்த்தைகளில் சொன்னாள். ஆனால் ஒன்றை மறைத்து ஜெயிக்க அவளுக்கு மனம் வரவில்லை. "மாத்திரையை நிறுத்தி, நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்தா உயிர் பிழைச்சுக்குவீங்க. ஆனா அவர் வரமாட்டார்."

எனியோனாமின் தோள் அசைந்தது. "அப்போ அவர் அவர் இல்லையா? மாத்திரைதானா?"

செலாசி கட்டிலருகே வந்தான். போன மழைக்காலத்தில் ஏரியில் மூழ்கிப்போன அவன் அண்ணன் ஒருநாள்கூட வந்ததில்லை. இந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும் என்று அவனுக்கும் தெரியவேண்டியிருந்தது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள் எசினாம். "மருந்து கண்ணைக் கலக்கும். அந்தக் கலக்கத்துல யாரைப் பார்க்கிறதுன்னு மருந்துக்குத் தெரியாது. அது உங்க மனசு எடுத்துக் கொடுத்தது."

விளக்கைச் சுற்றி அந்தப் பெண்ணுக்கு மட்டும் மாலை எரிந்துகொண்டிருந்தது.

"எப்ப நின்னுபோவார்? உடனேயா?"

"இல்லை. பாதி, பாதியா. முதல் ரெண்டு நாள்ல பாதி. அடுத்த ரெண்டு நாள்ல அதுல பாதி."

"அப்போ கொஞ்ச நாளாவது வருவாரே. அப்புறம் நான் ஏன் இந்த மாத்திரையைத் தின்னுக்கிட்டே இருக்கக் கூடாது? சாகத்தானே போறேன். அவர்கிட்டத்தானே போறேன்."

வெளியே குழந்தையின் அழுகை உயர்ந்தது. எனியோனாம் தலையைத் தூக்கினாள். "அது ஏன் அழுது? யாய்ரா எங்க?"

அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நெஞ்சு நோயாளி என்று எல்லாரும் அக்கறையாக மறைத்துவிட்டார்கள். எசினாம் செலாசியைப் பார்த்தாள். செலாசி வேடிக்கையாக ஏதாவது சொல்ல வாயைத் திறந்து, முடியாமல், உள்ளதைச் சொன்னான்.

"யாய்ரா பெட்டி தெருவுல இருக்கும்மா. உங்களுக்கு விஷம் வச்சான்னு கூட்டம் நடக்குது. உங்க வீட்டுக்காரருக்குத் தட்டுல சோறு வச்சதுதான் பெரிய சாட்சி."

எனியோனாமின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதை அவன் பார்த்தான். கோபம் வரும் என்று நினைத்தான். வந்தது வேறு.

"இந்த வீட்ல எத்தனை பேர் இருக்காங்க" என்றாள். "அவர் வந்திருக்கார்னு சொன்னா ஒருத்தர் ஜெபம் பண்ணினார். ஒருத்தர் பயந்து ஓடினார். அவ ஒருத்திதான், 'மாமா சாப்பிட்டாரா அத்தை'ன்னு கேட்டா. நான் பைத்தியம்னு நான் நினைச்சுக்கக் கூடாதுன்னு அந்தத் தட்டை வச்சா."

அலமாரிப் பக்கம் பார்த்தாள். அவர் வரும் நேரம் இன்னும் ஆகவில்லை. ஆனாலும் அந்தக் காலி இடத்திடம் தலையசைத்து ஏதோ சொல்லிக்கொண்டாள், உதடு மட்டும் அசைய.

"நாற்காலியைக் கொண்டா" என்றாள் செலாசியிடம். "என்னை வெளிய தூக்கிட்டுப் போ. நேர்ச்சை பாழாகட்டும். இன்னொருத்தி வீட்டை உடைச்சு வாங்கிக்கிற ஆண்டவர் இல்லை அவர்."

மாமரத்தடியில் அவள் அதிகம் பேசவில்லை. கூடையிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து எல்லாரும் பார்க்க உயர்த்திப் பிடித்தாள். எலிகெமைச் சுமந்த நாளிலிருந்து தான் விடாத திருட்டுத்தனம் இது என்றாள். ஊருக்கு ரொட்டி சுடும் பொம்பளை மண் தின்கிறாள் என்று யாரும் சொல்லக்கூடாது என மறைத்ததையும், அதை ஆண்டவருக்குக் கொடுத்ததையும் சொன்னாள். அதனால் தன் உடம்பில் என்ன நடந்தது என்று எசினாமைச் சொல்லச் சொன்னாள். பிறகு குழந்தையை நோக்கிக் கையை நீட்டினாள். வாங்கி, யாய்ராவின் மடியில் வைக்கச் சொன்னாள்.

காட்ஃப்ரீட் எழுந்தார். தோள் துணி சரிந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. தெருவுக்குப் போய், பச்சைப் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு வந்து யாய்ராவின் அறை வாசலில் வைத்தார். செருப்பைத் தன் துணியால் துடைத்தார். குனிந்து குழந்தையின் காலில் மாட்டினார். அது கொஞ்சம் உதைத்தது.

"மன்னிச்சுக்கம்மா" என்றார் யாய்ராவிடம். அப்புறம், வேறு யாருக்கும் கேட்காத மாதிரி, "என் கூடப் பொறந்தவன். எனக்கு ஒரு தடவையாவது வந்திருக்கலாம்" என்றார். பக்கத்தில் நின்ற செலாசிக்கு அது கேட்டது. அவன் தன்னுடைய அண்ணனை நினைத்துக்கொண்டு, அந்தப் பெரியவரின் துணியைத் தோளில் சரிசெய்து விட்டான்.

அவருடைய காரில்தான் எனியோனாமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

* * *

அடுத்த சில நாட்கள், பொழுது சாயும்போதெல்லாம் செலாசி ரொட்டியோடு வார்டுக்குப் போனான். வழி தெரியாது என்று எனியோனாம் சொன்னாளே தவிர, செத் அங்கேயும் வந்தார். ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றாராம்.

"இன்னிக்கு ட்ரம்பெட் இல்லை" என்றாள் ஒரு நாள்.

இன்னொரு நாள், "முகம் சரியாத் தெரியலை. ஆனா யூனிஃபார்ம் வெளுத்துடுச்சுடா. பழையபடி வெள்ளை வெளேர்னு."

"அங்க சோப்பு கிடைச்சிடுச்சு போல" என்றான் செலாசி. அவள் சிரித்தாள். சிரித்த பிறகு அழுதாள். எசினாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நாடியை எண்ணினாள். இந்தத் தடவை அவள் மிட்டாய் தேடவில்லை.

ஹார்மட்டன் விலகி மலை தெரிந்த நாளில், எலிகெமும் வந்து சேர்ந்திருந்தான். யாய்ரா தூக்குச்சட்டியில் களியும் குழம்பும் கொண்டுவந்தாள். பரிமாறும்போது பழக்கத்தில் அந்த எனாமல் தட்டையும் வெளியே எடுத்துவிட்டாள். எடுத்தபிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மாமியாரைப் பார்த்தாள்.

எனியோனாம் ஜன்னல் பக்கம் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். வெளியே வெளிச்சம் வெறும் வெளிச்சமாக இருந்தது.

வார்டு வாசலில் காட்ஃப்ரீட் நின்றிருந்தார். தினமும் வருவார், உள்ளே வராமல் அங்கேயே நின்று விசாரித்துவிட்டுப் போவார்.

"போடு" என்றாள் எனியோனாம் யாய்ராவிடம். "நிறையவே போடு." பிறகு வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள். "உள்ள வாங்க அண்ணே. உங்க தம்பி சோறு ஆறுது."

அவர் தயங்கி வந்து, செத்தின் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். யாய்ரா கைகழுவத் தண்ணீர் ஊற்றினாள்.